கழிப்பறை இருக்கு, சரி. தொட்டியில சேர்றது எங்க போகுது?

நொய்யல்வாசி:

ஒரு கணக்கு எனக்கு இடிக்குதுங்க. தெரிஞ்சவங்க விளக்குங்க.

உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் சேர்ந்து குடிநீர், கழிப்பறை பத்தி அறிக்கை வெளியிடறாங்க இல்லீங்களா. 2022 நிலவரப்படி உலகத்துல இன்னும் திறந்தவெளியில ஒதுங்கறவங்க சுமார் 42 கோடி. அதே அறிக்கையில, பாதுகாப்பா நிர்வகிக்கப்படற கழிப்பறை வசதி இல்லாதவங்க 350 கோடின்னு போட்டிருக்கு. அப்படின்னா சுவரு, கதவு, பீங்கான் எல்லாம் வெச்சிருந்தும் 'இல்லாதவங்க' பட்டியல்ல வர்ற 300 கோடி சொச்சம் பேரு யாருங்க?

கேக்கறதுக்குக் காரணம் இருக்கு. எங்க ஊரு கோவைக்குப் பக்கத்துல ஒரு பேரூராட்சி. பாதாள சாக்கடை கிடையாது, வீட்டுக்கு வீடு செப்டிக் டேங்க்தான். போன மழைக்கு ஒரு வீட்டு டேங்க் பொங்கி வீதிக்கு வந்துருச்சு. அப்பத்தான் யாரு வீட்டுல கடைசியா எப்ப எடுத்தாங்கன்னு பேச்சு வந்துச்சு. பாதிப்பேருக்கு மூடி எங்க இருக்குன்னே தெரியல. ஒருத்தர் மேல டைல்ஸ் ஒட்டி காரு நிறுத்தியிருக்காரு.

நாங்களும் அந்த 350 கோடியில அடக்கமா?


ரசமட்டம்:

அடக்கமாத்தான் இருப்பீங்க தம்பி. நான் குடிநீர், வடிகால் வேலைகள்ல முப்பது வருஷத்துக்கு மேல இருந்து ஓய்வு பெற்றவன், கொஞ்சம் நீளமா எழுதறேன், பொறுத்துக்கங்க.

அந்த 350 கோடியில பெரிய பங்கு, ஏறக்குறைய 190 கோடி, சொந்தக் கழிப்பறை உள்ளவங்கதான். அவங்க கழிவு கடைசியா எங்க போய்ச் சேருதுங்கறதுலதான் ஓட்டை. இன்னொரு 57 கோடி பேர் பல வீட்டுக்கு ஒரு கழிப்பறைன்னு பங்கு போட்டுக்கறவங்க. அதுக்கும் கீழ வெறும் குழியும் பலகையும் வெச்சிருக்கறவங்க, கடைசியில திறந்தவெளி. உட்காரும் இடம் சுத்தமா இருக்கான்னு மட்டும் பார்த்தா நீங்க பாஸ். குழாய்க்கு மறுமுனையைப் பார்த்தா சங்கதி வேற.

செப்டிக் டேங்க்னா என்னன்னு நம்ம ஊர்ல வீடு கட்டறவங்கள்ல பலருக்குத் தெரியாது. முறைப்படி அதுக்கு ரெண்டு அறை வேணும். கெட்டியானது அடியில கசடா தங்கும், எண்ணெய்ப் பிசுக்கு மேல ஆடை கட்டும், நடுவுல இருக்கற தண்ணி மட்டும் அடுத்த அறைக்குப் போய் அங்கிருந்து உறிஞ்சு குழிக்குப் போகணும். அந்தத் தண்ணி பார்க்கத் தெளிவா இருந்தாலும் கிருமி நிறைய இருக்கும். மிச்ச வேலையைச் செய்யறது மண்ணு. அதனாலதான் கழிவுக் குழிக்கும் கிணத்துக்கும் 30 மீட்டர் இடைவெளி, குழியின் அடிமட்டம் நிலத்தடி நீர்மட்டத்துக்கு ஒன்றரை மீட்டராவது மேலன்னு நிவாரண முகாம்களுக்கே விதி வெச்சிருக்காங்க. அஞ்சு சென்ட் மனையில 30 மீட்டருக்கு எங்க போறது, அது வேற கதை.

நான் பார்த்த வரைக்கும் நடப்பு என்னன்னா, பல வீட்டுல ஒரே அறைதான். உறிஞ்சு குழி கிடையாது, வெளியேறும் குழாய் நேரா தெருச் சாக்கடைக்கு. இல்லைன்னா சிமெண்ட் உறையை நாலு இறக்கி அடியைத் திறந்து விட்டுட்டு அதையும் செப்டிக் டேங்க்னே சொல்றது. "இருபது வருஷமாச்சு சார், எடுக்கவே இல்ல, அவ்வளவு பக்காவா கட்டினோம்"னு பெருமையாச் சொல்வாங்க. இருபது வருஷமா நிரம்பலைன்னா அடியில ஒழுகுது, இல்லைன்னா அப்படியே சாக்கடைக்குப் போகுதுன்னு அர்த்தம்.

ரெண்டு மூணு வருஷத்துக்கு ஒரு தரம் எடுக்கணும். கசடு ஏற ஏற தண்ணி தங்கற இடம் குறையும். அப்புறம் வந்தது வந்தபடியே வெளிய போகும். டேங்க் இருந்தும் இல்லாததுக்குச் சமம்.


கடுப்பு_கந்தன்:

சார் நல்லா எழுதியிருக்கீங்க, ஆனா சின்ன விஷயத்தை உலகப் பிரச்சினை ஆக்கறோமோன்னு தோணுது. டேங்க் நிரம்பினா லாரிக்கு போன் போடு, அரை மணி நேரத்துல உறிஞ்சிட்டுப் போயிடறான். காசு குடுத்தாச்சு, வேலை முடிஞ்சுது. 2014-ல ஆரம்பிச்ச தூய்மை இந்தியாவுல 10 கோடிக்கு மேல கழிப்பறை கட்டியாச்சு, 2019 அக்டோபர் 2-ல கிராமப்புற இந்தியாவுல திறந்தவெளி மலம் கழிப்பே இல்லைன்னும் அறிவிச்சாச்சு. இன்னும் என்ன?


டேங்கர்க்காரன்:

அந்த லாரிக்காரன் நான்தாங்க. சொந்தமா ஒரு வண்டி, 5,000 லிட்டர். நானும் கோவைப் பக்கம்தான். பேரைப் போட்டா தொழிலுக்கு ஆகாது, அதனால இந்தப் பேர்ல எழுதறேன்.

அரை மணி நேரத்துல உறிஞ்சிட்டுப் போயிடறான்னு சொன்னீங்க. எங்க போறான்னு ஒருத்தராவது கேட்டீங்களா? எனக்கு ஃபோன் பண்ற நூறு பேர்ல நூறு பேரும் கேக்கறது ரெண்டே கேள்வி. எவ்வளவு ஆகும், எவ்வளவு சீக்கிரம் வருவே.

உண்மையைச் சொல்லிடறேன். சுத்திகரிப்பு நிலையம் இல்லாத ஊர்ல லாரி போற இடம் ஓடை, குளத்து ஓரம், கல்குவாரிக் குழி, இல்லைன்னா தோட்டக்காரர் சரின்னு சொன்னா அவர் தோட்டம். ராத்திரியில போவாங்க. பகல்ல போனா கல்லெறி. கல்லெறியறவங்க வீட்டு டேங்க்ல எடுத்ததுதான் வண்டியில இருக்கும், அது வேற விஷயம். எங்காளுகளை மட்டும் திருடன் மாதிரி பேசறதுல எனக்கு வருத்தம் உண்டு. கொட்டறதுக்கு ஒரு இடத்தைக் காட்டிட்டு, அப்புறமும் ஓடையில கொட்டினா புடிச்சு உள்ள போடுங்க.

இப்ப தமிழ்நாட்டுல 2022-க்கு அப்புறம் வண்டிக்கு உரிமம் கட்டாயம் பண்ணிட்டாங்க. எங்க பக்கம் பெரியநாயக்கன்பாளையத்துல மலக்கசடு சுத்திகரிப்பு நிலையம் இருக்கு, அங்க போறேன். ஆனா தூரத்து ஊர்ல எடுத்தா டீசலே பாதி வாடகையைத் தின்னுரும். "பக்கத்து ஓடையில விடறவன் குறைச்சலா வர்றானே"ம்பாங்க. இந்தப் போட்டியில ஒழுங்கா இருக்கறவன்தான் நட்டப்படறான்.

இன்னொண்ணு. பத்துப் பதினஞ்சு வருஷம் கழிச்சுக் கூப்பிட்டா அடியில இருக்கறது தண்ணியா இருக்காது, களிமண் மாதிரி இறுகிப் போயிருக்கும். ஹோஸ் இழுக்காது. தண்ணியை பிரஷர்ல அடிச்சுக் கலக்கணும். அதுக்குப் பொறுமை இல்லாத வீட்டுக்காரர் சொல்ற வார்த்தை, "ஒரு ஆளை உள்ள எறக்கி விடேன்". அந்த இடத்துலயே வண்டியைத் திருப்பிட்டு வந்திருக்கேன்.


தெருவோரம்:

டேங்கர்க்காரர் அண்ணன் கடைசியா சொன்னதைத் தாண்டிப் போக முடியாது.

தொட்டிக்குள்ள மீத்தேன் இருக்கும், ஹைட்ரஜன் சல்பைடு இருக்கும். அழுகிய முட்டை நாத்தம் அடிக்கிற வரைக்கும் உஷாரா இருப்போம். அளவு கூடினா, பத்து லட்சத்துல 100 பங்கைத் தாண்டினா, மூக்கு மரத்துப்போய் நாத்தமே தெரியாது. உள்ள இறங்கறவர் வாயு போயிடுச்சுன்னு நினைப்பார். அதுக்கு மேல கூடினா சில மூச்சுலயே சுருண்டு விழுவார். அவரைத் தூக்க இறங்கற ரெண்டாவது ஆளும் போவார். செய்தியில எப்பவும் ரெண்டு பேர், மூணு பேர்னு வர்றது அதனாலதான்.

பாதுகாப்பு இல்லாம சாக்கடைக்குள்ளயோ செப்டிக் டேங்க்குள்ளயோ ஆளை இறக்கறது, கையால மலம் அள்ளற தொழிலைத் தடை செஞ்ச 2013 சட்டப்படி குற்றம். முதல் தடவைக்கே 2 வருஷம் வரை சிறை, இல்லைன்னா 2 லட்சம் வரை அபராதம், ரெண்டும் சேர்ந்தும் வரலாம். வீட்டுக்காரர் ஆளைக் கூப்பிட்டு இறக்கினாலும் இது பொருந்தும். 2014 மார்ச்சுல உச்ச நீதிமன்றம் இறந்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம்னு சொல்லுச்சு, 2023 அக்டோபர்ல அதை 30 லட்சம் ஆக்குச்சு. சாவு நின்னுதா?

இறங்கறவர் எந்தச் சாதின்னு யாரும் கேக்கறதில்ல, கேக்கத் தேவையே இல்லாம எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கு. கழிப்பறை கட்டற திட்டத்துக்கெல்லாம் சுவர்ல விளம்பரம் எழுதினாங்க. நிரம்பினதுக்கு அப்புறம் யாரு வரணும்னு எந்தச் சுவர்லயும் எழுதல.


[மட்டுறுத்துநர்: இதற்குப் பதிலாக வந்த ஒரு பதிவு நீக்கப்பட்டது. சாதியைச் சொல்லி யாரையும் இழிவாக எழுத இங்கே இடமில்லை. கருத்து மாறுபாடு இருக்கட்டும், வார்த்தை கவனம்.]


தென்னந்தோப்பு:

பொள்ளாச்சிப் பக்கமிருந்து எழுதறேன். எங்க பக்கத்துல சில தோப்புக்காரங்க லாரியைக் கூப்பிட்டு விடச் சொல்றது உண்டுங்க. தென்னைக்கும் வாழைக்கும் நல்ல உரம்னு நம்பிக்கை, மரம் தெளியறதையும் கண்ணால பார்க்கறோம். இரசாயன உரம் விக்கற விலைக்கு இது சும்மா கிடைக்குது. காய் அம்பது அடி உசரத்துல காய்க்குது. இதுல என்ன கெடுதல்?


இரவுப்பணி:

அண்ணா, நான் ஒரு அரசு ஆஸ்பத்திரியில நர்ஸ். உங்க காயில கெடுதல் வராதுதான். கீழ வெறுங்காலோட நடக்கறவங்களுக்கு வரும்.

கொக்கிப்புழு தோல் வழியாவே உள்ள போகும். நாக்குப்பூச்சி முட்டை மண்ணுல மாசக்கணக்கா, சில சமயம் வருஷக்கணக்கா உயிரோட இருக்கும். லாரியில வர்றதுல நேத்துப் போனதும், ரெண்டு நாள் முன்னால போனதும் சேர்ந்தே இருக்கும். டைபாய்டு கிருமி, மஞ்சக்காமாலை வைரஸ் எல்லாம் அதுல வரும். தோப்புல ஊடுபயிரா கீரையோ தக்காளியோ போட்டிருந்தா வீட்டுக்கே நேரா வரும். தோப்புக் கிணத்துக்கு எவ்வளவு தூரத்துல விடறாங்கன்னும் பாருங்க.

உரமாகறதை வேண்டாம்னு சொல்லல. காலம் குடுக்கணும். நம்ம ஊர் வெப்பத்துல புதுசா எதுவும் சேர்க்காம ஒரு வருஷத்துக்கு மேல சும்மா வெச்சிருக்கணும்னு உலக சுகாதார நிறுவனமே சொல்லியிருக்கு. இல்லைன்னா குப்பையோட சேர்த்து மக்க வெச்சு, சூடு 50 டிகிரிக்கு மேல ஏறி ஒரு வாரத்துக்கு மேல நிக்கணும்.


ரசமட்டம்:

நர்ஸம்மா சரியாச் சொன்னாங்க. இரட்டைக் குழிக் கழிப்பறையோட தத்துவமே அந்த ஒரு வருஷம்தான். ரெண்டு குழி, நடுவுல ஒரு திருப்பு அறை. ஒண்ணு நிரம்பினா அடைச்சுட்டு மத்ததுக்குத் திருப்பி விடணும். ரெண்டாவது நிரம்பறதுக்குள்ள முதல் குழியில இருக்கறது மக்கி மண்ணாயிடும், நாத்தமே இருக்காது, மண்வெட்டியால அள்ளலாம். லாரி வேண்டாம், ஆளும் உள்ள இறங்க வேண்டாம். தண்ணி மேலேயே நிக்கற ஊருக்கு மட்டும் ஆகாது. கிராமத்துக்கு இதைவிட மலிவான நல்ல வழி எனக்குத் தெரியல. ஆனா பெரிய தொட்டி கட்டினாத்தான் கௌரவம்னு 12,000 ரூபா மானியத்துக்கு மேல கடன் வாங்கி அறை மாதிரி தொட்டி கட்டினவங்களை நிறையப் பார்த்திருக்கேன்.

முசிறியில ஒரு கூத்து நடந்தது, கேள்விப்பட்டிருப்பீங்க. காவிரிக்கரை, நிலத்தடி நீர் மேலயே இருக்கும், குழி தோண்டினா ஊறிடும். அங்க ஸ்கோப்ங்கற தொண்டு நிறுவனம் மலத்தையும் சிறுநீரையும் தனித்தனியாப் பிரிக்கிற கழிப்பறை கட்டினாங்க. அதுல சமுதாயக் கழிப்பறை ஒண்ணுல போறவங்களுக்குக் காசு குடுத்தாங்க, ஒரு தடவைக்கு 10 பைசா! காசு குடுத்துட்டுப் போற கட்டணக் கழிப்பறையைத்தான் அதுவரைக்கும் பார்த்திருந்தோம். மலம் உரத்துக்கு, சிறுநீர் பயிர் ஆராய்ச்சிக்கு. அதை நடத்தின சுப்புராமனுக்கு 2021-ல பத்மஸ்ரீ கிடைச்சுது.


கடுப்பு_கந்தன்:

சரி, எல்லாத்துக்கும் பாதாள சாக்கடை போட்டுட்டா இந்தப் பேச்சே வேண்டாமே. வளர்ந்த நாடெல்லாம் அப்படித்தானே செஞ்சான்?


ரசமட்டம்:

செஞ்சான், ஆனா எந்த வரிசையில செஞ்சான்னு பாருங்க. லண்டன்ல முதல்ல வீட்டுக்கு வீடு மலக்குழிதான். தண்ணி ஊத்தற கழிப்பறை வந்ததும் குழி பொங்குச்சு, அதைச் சாக்கடையில சேர்த்தாங்க, சாக்கடை தேம்ஸ்ல விழுந்துச்சு, அதே தேம்ஸ்ல இருந்து குடிதண்ணி எடுத்தாங்க. 1848-49 காலரால லண்டன்ல மட்டும் 14,000 பேர் போனாங்க. 1858 கோடையில நாத்தம் நாடாளுமன்றத்துக்குள்ளயே வந்த பிறகுதான் பணம் ஒதுக்கி பெசல்ஜெட்ங்கற பொறியாளரைப் பெரிய சாக்கடை கட்ட விட்டாங்க. அதுவும் கழிவை ஊருக்குக் கீழ கொண்டு போய் ஆத்துலயே விட்டது, சுத்தம் பண்ணல.

பாதாள சாக்கடைக்கு ஆளுக்கு இத்தனை லிட்டர்னு தினமும் தண்ணி வேணும், இல்லைன்னா குழாய் அடைக்கும். மின்சாரம் வேணும், பம்பிங் நிலையம் வேணும், கடைசியில ஒழுங்கா ஓடற சுத்திகரிப்பு நிலையம் வேணும். பேரூராட்சிக்கு இது கட்டுபடி ஆகாது. குழாயைப் புதைச்சுட்டு மறுமுனையை ஆத்துல விட்டா, லாரி செய்யற வேலையை 24 மணி நேரமும் குழாய் செய்யும்.


வலிகாமம்:

வணக்கம். யாழ்ப்பாணத்தில இருந்து எழுதுறன். இந்த இழையை வாசிக்க எங்கட வளவைப் பற்றி எழுதினது போல கிடக்கு.

எங்கட குடாநாட்டில வருசம் முழுக்க ஓடுற ஆறு இல்லை. குடிக்கிறது, குளிக்கிறது, தோட்டத்துக்கு இறைக்கிறது எல்லாம் கிணத்துத் தண்ணிதான். கீழ சுண்ணாம்புக்கல்லு, வெடிப்பும் பொந்துமா இருக்கும். மழைத்தண்ணி அந்த வெடிப்புகளுக்கால இறங்கி, உப்புத் தண்ணிக்கு மேல நல்ல தண்ணியா மிதந்து நிக்குது. சேர் சொன்ன "மிச்ச வேலையை மண் செய்யும்" எண்டது எங்களுக்குப் பொருந்தாது. மண் மெல்லிசு, அதுக்குக் கீழ கல்லு. கல்லு வடிகட்டாது, நேர கொண்டுபோய் விடும்.

முந்தி பத்துப் பரப்புக் காணியில ஒரு வீடு, ஒரு மூலையில கிணறு, மற்ற மூலையில மலசலகூடம். இப்ப அதே காணி பிள்ளைகளுக்குப் பிரிச்சு நாலு வீடு, நாலு கிணறு, நாலு குழி. என்ர கிணத்துக்கும் பக்கத்து வீட்டுக் குழிக்கும் இடையில ஒரு மதில்தான்.

இதால வாற கிருமியைக் கொதிக்க வைச்சுக் கொல்லலாம். நைத்திரேற்றை என்ன செய்யிறது? தோட்டத்துக்குப் போடுற யூரியாவாலயும் வருது, குழிகளாலயும் வருது. லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்குள்ள இருக்கவேணும் எண்டது உலக அளவு, எங்கட பக்கம் அதைத் தாண்டின கிணறுகள் இருக்கு. கொதிக்க வைச்சால் தண்ணி ஆவியாகி நைத்திரேற்று இன்னும் செறிவாகும். கைக்குழந்தைக்குப் பால்மா கரைக்கிற தாய்மாருக்கு இது தெரிய வேணும். "கொதிச்சாறின தண்ணி" எண்டு சொல்லிச் சொல்லி வளர்ந்த சனம் நாங்கள்.

சுன்னாகத்துக் கிணறுகளில கழிவு எண்ணெய் வந்தபோது ஊரே ரோட்டில இறங்கினது. எண்ணெய் கண்ணுக்குத் தெரிஞ்சுது, மணந்தது. இது தெரியாது, மணக்காது, ஆரும் இறங்கேல்லை. பிழை செய்தவர் வெளியில இல்லை, எங்கட வளவுக்குள்ளதான், அதுவும் ஒரு காரணமாக்கும்.


ஊர்சுற்றி:

வலிகாமம் எழுதியதைப் படித்ததும் லுசாகா நினைவுக்கு வந்தது. வேலை நிமித்தமாகச் சில வருடம் ஜாம்பியாவில் இருந்தேன். அந்த நகரமும் சுண்ணாம்புப் பாறை வகை நிலத்தில்தான் இருக்கிறது. கன்யாமா போன்ற ஏழைக் குடியிருப்புகளில் பாறையைத் தோண்டுவது கஷ்டம் என்பதால் கழிப்பறைக் குழி ஆழமில்லாமல் இருக்கும், அதற்குப் பக்கத்திலேயே ஆழமில்லாத கிணறு. மழை பெய்தால் இரண்டும் ஒன்றாகிவிடும். 2017-18 மழையில் காலரா, மறுபடி 2023-24 மழையில் இன்னும் மோசமான காலரா. அந்த முறை நாடு முழுக்க 700 பேருக்கு மேல் இறந்தார்கள். 'நேஷனல் ஹீரோஸ்' என்ற கால்பந்து அரங்கத்தையே சிகிச்சை முகாமாக மாற்றினார்கள். பள்ளிகள் திறப்பது தள்ளிப்போனது.

ஆனால் இந்த இழைக்கு இன்னும் பொருத்தமான கதை ஹைட்டி. அங்கே நடந்தது அப்படியே டேங்கர்க்காரர் சொன்னதுதான். செப்டிக் தொட்டி, அதைக் காலி செய்யும் ஒப்பந்தக்காரர், கொட்டும் இடம்.

2010 ஜனவரியில் நிலநடுக்கம். அக்டோபரில் ஐ.நா. அமைதிப்படைக்காக நேபாளத்திலிருந்து புதிய படைப்பிரிவு வந்தது. அப்போது நேபாளத்தில் காலரா இருந்தது, ஹைட்டியில் குறைந்தது நூறாண்டுகளாகக் காலரா பதிவே இல்லை. முகாம் இருந்தது மிரபாலே ஊருக்குப் பக்கத்தில், ஓர் ஓடைக்கரையில். முகாமின் கழிவுத் தொட்டிகளை ஒப்பந்தக்காரர் எடுத்துப் போய் மேட்டில் திறந்த குழி ஒன்றில் கொட்டுவார். மழையில் குழி வழிந்தால் போகுமிடம் அந்த ஓடை. முகாமுக்குள் இருந்த குழாய்களும் ஒழுங்காக இல்லை. ஓடை போய்ச் சேருவது ஆர்ட்டிபோனிட் ஆறு. நாட்டின் நெல் விளையும் சமவெளி முழுக்க அந்த ஆற்றை நம்பி இருக்கிறது, குடிப்பதும் அதையே.

சில நாட்களில் ஆற்றின் கீழ்ப்பகுதி மருத்துவமனைகள் நிரம்பிவிட்டன. பிறகு வந்த வருடங்களில் 8 லட்சத்துக்கும் மேற்பட்டோருக்கு நோய், ஏறக்குறைய 10,000 பேர் சாவு. பியாரூ என்ற பிரெஞ்சு நோய்ப்பரவல் ஆய்வாளர் வழித்தடத்தைப் பின்னோக்கித் தேடி முகாமைச் சுட்டிக்காட்டினார். ஐ.நா. சட்டப் பாதுகாப்பைக் காட்டி வழக்குகளிலிருந்து விலகிக்கொண்டது. பான் கி மூன் மன்னிப்புக் கேட்டது 2016 டிசம்பரில், ஆறு வருடம் கழித்து. அதே ஐ.நா.வின் பொதுச்சபைதான் 2010 ஜூலை 28 அன்று தண்ணீரும் சுகாதாரமும் மனித உரிமை என்று தீர்மானம் போட்டது. நடுவில் மூன்று மாதம்கூட இல்லை.


இரவுப்பணி:

ஹைட்டி கதையைப் படிச்சதும் எங்க வார்டுல வயித்துப்போக்கு கேஸ் கூட்டமா வர்ற நாள்தான் ஞாபகம் வருது. ஒரே தெருவுல இருந்து அஞ்சாறு பேர் வந்தா, மருந்து எழுதறதோட நிக்காம எந்தக் குழாய்த் தண்ணின்னு கேக்கணும். குடிதண்ணிக் குழாய் சாக்கடைக்குள்ளயே ஓடும், விட்டு விட்டுத் தண்ணி விடுவாங்க. தண்ணி நிக்கிற நேரத்துல குழாய்க்குள்ள அழுத்தம் இருக்காது, விரிசல் வழியா சாக்கடை உள்ள போகும். மறுநாள் முதல் குடம் பிடிக்கிற வீடுதான் மொதல்ல படுக்கும்.


நொய்யல்வாசி:

இவ்வளவு வரும்னு நினைக்கலீங்க. எல்லாருக்கும் நன்றி. எனக்கு இப்ப ஒரே கேள்விதான். நாம கூப்பிட்டாத்தான் லாரி வரும், நாம கூப்பிடறது பொங்கினா மட்டும்தான். இதை மாத்தின ஊரு எங்கயாவது இருக்கா?


கிள்ளான்_பையன்:

மலேசியாவுல இருக்கு சார், ஆனா அது ஏறி இறங்கின கதை.

இங்கே 1993-ல கழிவுநீர்ச் சேவைச் சட்டம் வந்துச்சு, மறுவருஷம் இண்டா வாட்டர் நிறுவனம் நாட்டோட பெரும்பகுதிக்குப் பொறுப்பை எடுத்துச்சு. நம்ம தாமான்ல (குடியிருப்புல) எல்லாம் செப்டிக் டேங்க் உள்ள வீட்டுக்கு முறை வெச்சு லாரி வரும். நீங்க கூப்பிட வேண்டியதில்ல, கடிதம் வரும், பிறகு வண்டி வரும். அப்பா காலத்துல பில்லைப் பார்த்துத் திட்டிக்கிட்டே கட்டுவாரு.

2008-ல புதுச் சட்டம் நடைமுறைக்கு வந்து, வேணும்னா கூப்பிடுங்கன்னு வீட்டுக்காரர் கையில விட்டாங்க. அவ்வளவுதான், கூப்பிடறவங்க எண்ணிக்கை சட்டுன்னு சரிஞ்சிருச்சு. படிச்சவங்க, வசதி உள்ளவங்க, லாரிக்கும் சுத்திகரிப்பு நிலையத்துக்கும் குறைவில்லாத நாடு. அப்படி இருந்தும் யாரும் கூப்பிடல. பிறகு மறுபடி கட்டாயமாக்க வேண்டி வந்துச்சு. கண்ணுக்குத் தெரியாத வேலையை வீட்டுக்காரர் விருப்பத்துக்கு விட்டா நடக்காதுங்கறதுக்கு எங்க நாடே சாட்சி.


ரசமட்டம்:

கிள்ளான் தம்பி சொன்னது ரொம்ப முக்கியம். நம்ம நாட்டுலயும் மகாராஷ்டிரத்துல வாய், சின்னார்னு ரெண்டு சின்ன ஊர்ல இதைச் செஞ்சு காட்டியிருக்காங்க. ஊரைப் பகுதி பகுதியாப் பிரிச்சு, மூணு வருஷத்துக்கு ஒரு சுற்று. நிரம்பினாலும் நிரம்பலைன்னாலும் லாரி வரும். வீட்டு வாசல்ல காசு வாங்கறதில்ல, வரியோட சேர்த்து வசூல். எவ்வளவு கசடு நிலையத்துக்கு வந்து சேர்ந்ததுங்கறதை வெச்சு ஒப்பந்தக்காரருக்குப் பணம். அப்போ ஓடையில கொட்டினா அவருக்குத்தான் நட்டம்.

நிலையமும் பெரிய ராக்கெட் கிடையாது. நம்ம தமிழ்நாட்டுல கருங்குழிங்கற ஊர்ல 2017-ல வந்தது. மணல் படுகையில கசடைப் பரப்பிக் காய வைப்பாங்க, வடியற தண்ணி சரளையும் செடியும் வெச்ச படுகை வழியாப் போகும், அப்புறம் குளம். திருச்சியில அதுகூடத் தனியா வேண்டாம்னு, இருக்கற பாதாள சாக்கடையின் பம்பிங் நிலையத்துலயே லாரி கொட்ட வழி பண்ணி பஞ்சப்பூர் சுத்திகரிப்பு நிலையத்துக்கு அனுப்பறாங்க.


கடுப்பு_கந்தன்:

அப்போ கடைசியில வரி. நிரம்பாத டேங்க்குக்கும் நான் வரி கட்டணும். எங்க தெருவுல பாதிப்பேர் சொத்து வரியே கட்டறதில்ல சார், கட்டறவன் தலையிலதான் இதுவும் விழும். வாடகைக்கு இருக்கறவன் என்ன செய்வான்? வீட்டுக்காரர் வாடகையில ஏத்துவார்.


டேங்கர்க்காரன்:

வாடகை வீட்டுக்காரங்க சங்கதி நியாயம்தாங்க, அதுக்கு எங்கிட்ட பதில் இல்ல. ஆனா ஒண்ணு. மூணு வருஷத்துக்கு ஒரு தரம் எடுத்தா கசடு இளகலா இருக்கும், ஒரே லோடுல முடியும், ஆளை இறக்குன்னு யாரும் கேக்க மாட்டாங்க. எனக்கும் ஒரு தெருவுல வரிசையா வேலை கிடைச்சா டீசல் மிச்சம், வாடகையைக் குறைக்கலாம். இப்ப ஒரு லோடுக்கு ஊரைச் சுத்தறேன்.

கட்டறவங்க சில விஷயம் செய்யுங்க. மூடியை மண்ணுக்கு மேல வையுங்க, ரெண்டு அறைக்கும் தனித்தனி மூடி. லாரி நிக்கற இடத்துல இருந்து ஹோஸ் எட்டற தூரம் இருக்கட்டும். வீட்டுக்குப் பின்னாடி சந்துல கட்டிட்டு எங்களைத் திட்டாதீங்க. துணி, நாப்கின் உள்ள போடாதீங்க, பம்ப்ல சுத்திக்கும்.


தென்னந்தோப்பு:

நர்ஸம்மா சொன்னதுக்கு அப்புறம் பச்சையா விடறதுக்கு மனசு ஒப்பலீங்க. பக்கத்துத் தோப்புக்காரர்கிட்டயும் சொல்லியிருக்கேன், அவர் சிரிக்கறாரு. அந்த மணல் படுகையில காய வெச்ச கசடு என்ன ஆகுது? விவசாயிக்குக் குடுக்கறாங்களா, விலை உண்டா? பரிசோதனைச் சீட்டோட குடுத்தா ரெண்டு டிராக்டர் லோடு எடுத்துக்கறேன்.


டேங்கர்க்காரன்:

திங்கக்கிழமை பெரியநாயக்கன்பாளையம் நிலையத்துக்கு லோடு இருக்குங்க. ஆபரேட்டரைக் கேட்டுட்டு இங்கயே போடறேன். டிராக்டர் உள்ள திரும்பற அளவுக்கு இடம் இருக்கு, அது பிரச்சினை இல்ல.


இரவுப்பணி:

அண்ணா, கேக்கும்போது எத்தனை மாசம் காய வெச்சதுன்னும் கேளுங்க. புழு முட்டைக்குப் பரிசோதனை பண்ணினாங்களான்னு கேளுங்க. தழைச்சத்து, மணிச்சத்து சீட்டு மட்டும் காட்டினா போதாது.